விரத வீட்டில் வெந்தது

பிறை
6-3-1932

அத்தானுக்கு நவமணி எழுதுவது.

கடிதத்தின் தலையில் முருகன் துணை என்று போட வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தேன், கை வரவில்லை. அவன் நமக்குத் துணையிருந்த லட்சணம்தான் தெரிந்ததாயிற்றே. அதனால் ஊரையும் தேதியையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

என்னைக் கொண்டுவந்து விட்டு இன்றோடு இருபத்தாறு நாள். படகுத்துறையில் என்னை இறக்கிவிட்டு, "உன் அண்ணன் வருவான், நில்லு" என்று சொல்லி, அதே பெர்ரியில் திரும்பிப் போனீர்கள். நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று அது பினாங்குக் கரையைத் தொடும்வரை நின்றேன். அண்ணன் நல்லமுத்து ரயில்வே யார்டில் வேலை முடிந்து கரி அப்பிய சட்டையோடு வந்து, "என்ன புள்ள, பெட்டிகூட இல்லாம வந்திருக்கே?" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல? குழந்தையைப் புதைத்து இருபத்து மூன்றாம் நாள் புருஷன் என்னைத் துரத்திவிட்டார் என்றா?

என்மேல் சுமத்தியிருக்கும் குற்றம் என்னவென்று நானே எழுதிவிடுகிறேன். முத்தழகுக்குக் காய்ச்சல் கண்டதும், தைப்பூசம் வரைக்கும் வீட்டில் மச்சம் மாமிசம் கிடையாது, பூசத்தன்று தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி என்று நீங்கள் நேர்ந்துகொண்டீர்கள். அந்த விரத நாளில் நான் திருட்டுத்தனமாக ஆட்டுக்கறி சமைத்துக் குழந்தைக்கு ஊட்டினேனாம். அதனால்தான் தண்ணீர்மலையான் பிள்ளையை எடுத்துக்கொண்டானாம். இதுதானே?

அது கறியில்லை. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். பின்வீட்டு நோர்மா கொடுத்த தெம்பே, பயறில் செய்தது. பெற்ற வயிறு எரிகிறபோது இந்தப் பழியையும் சேர்த்துச் சுமக்க என்னால் ஆகவில்லை. ஒரு வரி எழுதுங்கள், வந்துவிடுகிறேன்.

நவமணி

•

முருகன் துணை

ஜார்ஜ் டவுன்
14-3-1932

நவமணிக்கு பிச்சைமுத்து எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. சாமியைப் பழித்து எழுதுவதை முதலில் நிறுத்து. பழித்ததெல்லாம் போதும்.

நடந்ததை நான் சொல்கிறேன். பொங்கலுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் டிராலி பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டு ஆயர் ஈத்தாம் போய்வந்துகொண்டிருந்தேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து வாசலில் கால் வைக்கும்போதே பட்டை கிராம்பு வாசம். அடுப்படியில் சட்டி நிறையத் துண்டு துண்டாகக் கறி. "என்னடி தின்னே?" என்று அக்கா பிள்ளையைக் கேட்டாள். "ஆட்டுக்கறி அத்தே, அம்மா ஊட்டுச்சு" என்று பிள்ளை சொன்னது. ஐந்து வயதுக் குழந்தை பொய் சொல்லுமா?

காய்ச்சல் இறங்கி மூன்று நாளாகியிருந்தது. டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர்கூட, கஞ்சித் தண்ணீரே போதும், வேறொன்றும் வேண்டாம், தேறிவிடும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அக்காவிடமும் அதைச் சொல்லிவைத்திருந்தேன். தேறி வந்த பிள்ளைக்கு சனிக்கிழமை விடியும்போதே வயிறு கல்லாகப் புடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

நேர்ந்த காவடி மூலையில் துணி சுற்றி நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகம் நினைவுக்கு வருகிறது. அந்த முகத்தோடு ஒரே வீட்டில் இருக்க என்னால் முடியாது.

பிச்சைமுத்து

•

பிறை
20-3-1932

அத்தானுக்கு,

ஐந்து வயதுப் பிள்ளை பொய் சொல்லாதுதான். பொய் சொன்னது நான். அதைக் கேளுங்கள்.

காய்ச்சல் இறங்கியதும் முத்தழகுக்குப் பசி வந்துவிட்டது. அது உங்களுக்குத் தெரியாது. காலையில் அவள் கண் திறக்கும்முன் போய், அவள் தூங்கியபிறகு வருகிறவர் நீங்கள். ஒரு மாதம் ஒன்றும் தின்னாத பிள்ளை, கன்னமெல்லாம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகி, "பசிக்குதும்மா, கறி வேணும்மா" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கஞ்சியை நீட்டினால் தட்டிவிட்டாள். விரதம்டி கண்ணு என்றேன். விரதம் என்றால் பிள்ளைக்கு என்ன தெரியும்? பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன், துப்பினாள்.

கொல்லைப்புறம் வேலியோரம் நின்று நோர்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஜாவாக்காரி, பசாரில் வாழையிலைப் பொட்டலம் விற்கிறவள், அவள்தான். ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். சீனர்கள் தவ்ஹு என்கிற வெள்ளைக் கட்டி செய்கிற அதே சோயாப் பயறுதான். அதை வேகவைத்து, தோல் நீக்கி, ஏதோ மருந்து தூவி, இலையில் கட்டி இரண்டு நாள் வைத்துவிடுகிறார்கள். பஞ்சு பூத்த மாதிரி வெள்ளைப் பூசணம் படர்ந்து, பயறெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது. "இது கெட்டுப்போச்சு, நோர்மா" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவள் சிரித்தாள். "கெட்டுப் போகலை லா. இதான் தெம்பே. எங்க வீட்டில கறி வாங்க முடியாத நாளெல்லாம் இதான் கறி. பொரிச்சு மசாலா போடு, உன் மகளுக்கு வித்தியாசம் தெரியாது."

அவள் அதில் பெலாச்சான் சேர்ப்பாளாம். இறால் சேர்ந்தது, எங்களுக்கு ஆகாது என்று மறுத்துவிட்டேன். பாருங்கள், விரதத்தைக் காப்பாற்ற அவ்வளவு கவனம் எனக்கு. சிறு சிறு துண்டாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் தடவி, தேங்காயெண்ணெயில் நன்றாகச் சிவக்கவிட்டேன். மல்லி, சோம்பு, பட்டை, கிராம்பு எல்லாம் ஆட்டுக்கறிக்கு அரைக்கிற அதே அளவில் அரைத்து, பிள்ளைக்காக மிளகாயைக் குறைத்து, தேங்காய்ப்பால் விட்டு இறக்கினேன். உண்மையைச் சொல்கிறேன், மூடியைத் திறந்தபோது எனக்கே கறிக்குழம்பு என்றுதான் தோன்றியது.

"இது என்னம்மா?" என்றாள். பயறு என்றால் தொடமாட்டாள். "ஆட்டுக்கறிடா கண்ணு" என்றேன். சளைத்தவளா அவள்? "எலும்பைக் காணோமே?" என்றாள். "என் ராசாத்திக்காக எலும்பெல்லாம் எடுத்துட்டேன்" என்றேன். அப்புறம் வாயைத் திறந்தாள் பாருங்கள். பதினோரு துண்டு தின்றாள். எண்ணி எண்ணி ஊட்டினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

கோயிலிலிருந்து வந்த மதினி சட்டியைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டினாள். தெம்பே என்று சொன்னேன். "பயறு கறியாகுமாடி? யாருகிட்டே கதை விடுறே?" என்றாள். ராத்திரி நீங்கள் வந்ததும் உங்களிடம் சொல்லலாம் என்று அடுப்படி வாசலில் நின்றேன். நீங்கள் என்னைக் கேட்கவில்லை. எட்டு வருஷத்தில் மதினி இருக்குமிடத்தில் என் முகம் பார்த்து நீங்கள் பேசியது உண்டா? உப்பில்லை என்றால்கூட "அக்கா, குழம்பில உப்பில்லை" என்பீர்கள். நான்கடி தூரத்தில் நான் நிற்பேன். மூத்தவளுக்கு மரியாதை என்று நானும் பொறுத்துக்கொண்டேன். அன்றைக்கும் அக்கா சொன்னதைக் கேட்டீர்கள், அதோடு தீர்ந்தது.

இனி என்னைக் கேட்க வேண்டாம். நோர்மாவைக் கேளுங்கள். நம் கொல்லைக்கதவிலிருந்து அவள் வீடு நாற்பது அடி இருக்குமா? போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

நவமணி

•

முருகன் துணை

ஜார்ஜ் டவுன்
10-4-1932

நவமணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அக்காவிடம் காட்டவில்லை.

என் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்று வேலிக்கு அந்தப்பக்கம் போய்க் கேட்டு நிற்கவேண்டும் என்று எனக்குத் தலையெழுத்து இல்லை. அந்த அம்மாள் உனக்குச் சிநேகிதம். நீ சொல்லச் சொன்னதைத்தான் சொல்லுவாள். கேட்டு என்ன ஆகப்போகிறது? பிள்ளை எழுந்து வருமா?

உன் தகரப்பெட்டியைப் பிறைக்கு வருகிற ஓர் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். சேலைகள் எல்லாம் இருக்கின்றன. குழந்தையுடையது எதையும் வைக்கவில்லை. அது இங்கேயே இருக்கட்டும்.

இனி இதைப் பற்றி எழுதாதே. எனக்குத் தூக்கமில்லை.

பிச்சைமுத்து

•

பிறை
15-5-1932

அத்தானுக்கு,

பெட்டி வந்தது. சேலை ஆறு, ரவிக்கை நான்கு, கண்ணாடி, குங்குமச் சிமிழ். அவளுடைய பச்சைப் பாவாடையை எதற்கு வைத்துக்கொண்டீர்கள்? அதை மடித்துவைக்கும்போது அதில் ஒரு மஞ்சள் கறை இருந்தது, துவைத்தும் போகவில்லை. அந்தக் குழம்புதான். எடுத்து மோந்து பாருங்கள். இந்நேரம் எல்லா வாசமும் போயிருக்கும்.

தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இல்லை. வீட்டுக்கு ஒருவராவது தூங்கினால் சரி, மதினி தூங்குகிறாளா?

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியாத காரியம் வந்துவிட்டது. யார்டில் ஆட்குறைப்பு. அண்ணனுக்கு வேலை போய்விட்டது. பதினாலு வருஷம் உழைத்தவரை ஒரே காலையில் நிறுத்திவிட்டார்கள். வேலையில்லாதவர்களைச் சர்க்கார் தன் செலவில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறதாம். அண்ணன் பெயர் கொடுத்துவிட்டார். ஜூன் 28, செவ்வாய்க்கிழமை கப்பல். அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இரண்டு, என்னையும் சேர்த்து ஐந்து பேர்.

பெயர் எழுதுகிற கிராணி என்னைப் பார்த்து, "இந்தம்மா யாரு?" என்றார். "என் தங்கச்சி" என்றார் அண்ணன். "புருஷன் இருக்கானா?" என்றார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சொல்லும்மா, இருக்கானா இல்லையா? இங்கே ஒண்ணு எழுதணும்லா" என்று கிராணி மேசையில் பென்சிலைத் தட்டினார். பின்னால் வரிசையில் நூறு பேர். "பினாங்கில இருக்காரு" என்றேன். "அப்போ நீ ஏன் கப்பலேறுறே?" என்றார். அத்தான், அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று நீங்களே எழுதி அனுப்புங்கள்.

ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? நான் பிறந்தது இந்த மண்ணில்தான். ஊர் என்று அண்ணன் சொல்கிற இடத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே போய், பிள்ளையைக் கொன்று புருஷன் தள்ளிவைத்தவள் என்ற பெயரோடு இன்னொருத்தி வீட்டு அடுப்படியில் கிடக்கவேண்டும்.

போதாததற்கு அண்ணன் மகன் சின்னவனுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். முத்தழகுக்கு வந்த மாதிரியேதான் இருக்கிறது. அண்ணன் கையைக் காலைப் பிடித்து ரயில்வே டாக்டரைக் கூட்டிவந்தார். நான் அந்தப் பாய்ப்பக்கம் போகாமல் வாசலிலேயே இருக்கிறேன். என் ராசி அப்படி.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். நீங்கள் கண்ணாலும் காணவில்லை, காதாலும் அரைகுறையாகக் கேட்டீர்கள். விசாரிக்கத்தான் சொல்கிறேன். நோர்மாவைக் கேளுங்கள்.

நவமணி

•

பிறை
5-6-1932

அத்தானுக்கு,

பதில் இல்லை. இன்னும் இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது.

சோறு வேண்டாம், சேலை வேண்டாம், அந்த வீட்டில் இடம்கூட வேண்டாம். "நீ செய்யவில்லை" என்று உங்கள் கையால் ஒரு வரி போதும். அது இருந்தால் கப்பலில் ஏறினாலும் மனுஷியாக ஏறுவேன்.

நவமணி

•

ஜார்ஜ் டவுன்
19-6-1932, ஞாயிறு

நவமணிக்கு,

நானும் இன்று தலைப்பில் ஒன்றும் போடவில்லை. ஏன் என்பது படித்தால் தெரியும்.

நேற்று நோர்மா வீட்டுக்குப் போனேன். நாற்பது அடி என்று எழுதியிருந்தாய். முப்பதுகூட இராது. அதைக் கடக்க எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. வேலியருகே என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த இலையைக் கீழே போட்டுவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளே சொல்லிவிட்டாள். "தெம்பே லா அது. என் கையால கொடுத்தேன். உங்க அக்கா சாக்கடையில கொட்டினப்போ வேலிக்கு இந்தப்பக்கம் நின்னு கத்தினேன், 'தெம்பே, தெம்பே'ன்னு. எனக்குத் தமிழ் வராது, அவங்க கதவைச் சாத்திட்டாங்க. உங்க பெண்சாதி எங்கே?" நமக்குத் தெரிந்த பசார் மலாயில் இவ்வளவும் புரிந்தது. கடைசிக் கேள்விக்கு மட்டும் புரியாதவன் மாதிரி நின்றேன்.

ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன். நீ எழுதியிருந்த கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே சமைத்தேன். மஞ்சள் உப்பு தடவி, தேங்காயெண்ணெயில் சிவக்கவிட்டு, மல்லி, சோம்பு, பட்டை, கிராம்பு. அக்கா முற்றத்திலிருந்து ஓடிவந்தாள். "யாருடா வீட்டுல கறி ஆக்குறது?" என்றாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். மெல்ல மெல்ல உள்ளே பயறு பயறாக உதிர்ந்தது. கறியில்லை. ஆட்டுக்கறி தின்றவன் எவனும் அதைக் கறி என்று சொல்லமாட்டான். ஆனால் வாசம் அதேதான். அக்கா கீழே உட்கார்ந்துவிட்டாள். "நான் தாலியறுத்து இருபது வருஷம், கறியைத் தொட்டு இருபது வருஷம். கறி வாசத்துக்கும் மசாலா வாசத்துக்கும் எனக்கென்னடா வித்தியாசம் தெரியும்? பாவி, நீயாவது வாயில வச்சுப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நீ செய்யவில்லை. இதோ, என் கையால் எழுதிவிட்டேன். நீ செய்யவில்லை, நவமணி.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் இன்னொரு பாவம் செய்கிறவன் ஆவேன். விரதம் முறிந்தது நிஜம். முறித்தது நான்.

மார்கழிக் கடைசி. அன்றைக்கு வேலைக்கு வராத ஒருவன் முறையையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சூலியா தெரு வழியாக நடந்து வந்தேன். தோளில் சுமந்து சோறு விற்கிற கனி பாய் காவடித்தண்டை இறக்கிவைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆட்டுக்கறி வாசம் என்னை நிறுத்திவிட்டது. "வாங்க தம்பி, விரதம்னு சொன்னீங்களே?" என்றார் பாய். "இன்னிக்கு முடிஞ்சிருச்சு பாய்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! இலையை வழித்துச் சாப்பிட்டேன். வெற்றிலை போட்டு வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குழந்தை நெற்றியில் விபூதி பூசினேன்.

பத்து நாளில் பிள்ளை போய்விட்டது. என்னால்தான் என்று எனக்குத் தெரியும். யாரிடம் சொல்ல? அந்த நேரத்தில் அக்கா, நவமணி கறி சமைத்ததால்தான் பிள்ளை போச்சு என்றாள். நவமணி, இதை எழுதக் கை கூசுகிறது. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளை பக்கத்து அறையில் கிடக்கிறது, எனக்கு நிம்மதி! என் கறியை எடுத்து உன் சட்டியில் போட்டுவிட்டேன். நோர்மாவிடம் கேட்கச் சொன்னாயே, எனக்கு உண்மை தெரியவேண்டாம் என்றுதான் கேட்கவில்லை. நீ செய்யவில்லை என்றால் அது திரும்பி என்னிடம்தானே வரும்?

உன் கால்மாட்டில் உட்கார்ந்து சொல்லவேண்டியதைத் தபாலில் சொல்கிறேன். வந்துவிடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை, இருபத்தாறாம் தேதி, காலை முதல் பெர்ரியில் பிறைத் துறைக்கு வருகிறேன். அக்காவும் வருகிறேன் என்கிறாள். இனி யார் இருந்தாலும் உன் முகம் பார்த்துப் பேசுவேன். பச்சைப் பாவாடையைக் கொண்டுவருகிறேன்.

பிச்சைமுத்து

•

பிறை
24-6-1932, வெள்ளி

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை பகல் வந்தது. மூன்று தரம் படித்தேன். "நீ செய்யவில்லை" என்ற வரியைக் கையால் தடவித் தடவிப் பார்த்தேன். இத்தனை நாள் அந்த ஒரு வரிக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணியிடம் ஓடிப்போய், "நான் கப்பலேறலே அண்ணி, அவர் வராராம்" என்றேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம்தான் டாக்டர் சின்னவனைப் பார்க்க வந்தார். அவனுக்குக் காய்ச்சல் விட்டு ஐந்து நாளாகிறது. ஆனாலும் வெறும் பால், பார்லித் தண்ணீர், கஞ்சித் தண்ணீர்தான். அவன் பசி பசியென்று பாயைப் பிராண்டி அழுகிறான். நான் இத்தனை நாள் கிட்டே போகாதவள், அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் தைரியமாகப் போய், "காய்ச்சல்தான் விட்டுப்போச்சே டாக்டர், ஒரு வாய் சோறு கொடுத்தா என்ன? பிள்ளை துடிக்குதே" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அப்போதாம்மா ஆபத்து" என்றார். "இந்தக் காய்ச்சல்ல குடலெல்லாம் புண்ணாயிரும். நனைஞ்ச காகிதம் மாதிரி இருக்கும். காய்ச்சல் விட்டதும் பிள்ளைக்குப் பசி எடுக்கும், தாய்மார் மனசு கேட்காம எதையாவது கொடுத்திடுவாங்க. மென்னு தின்கிற பொருள் உள்ளே போனா குடல் கிழிஞ்சிரும். வயிறு கல்லா வீங்கும். அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது, ரெண்டு நாள்தான்."

"ஆட்டுக்கறி கொடுத்தாத்தானே அப்படி ஆகும்?" என்றேன். "கறியானா என்ன, பயறானா என்ன? குடலுக்கு விரதமா தெரியும்?" என்றார். அவருக்கு என் கதை ஒன்றும் தெரியாது, ஏதோ பேச்சுக்குச் சொன்னார். "எண்ணெயில பொரிச்ச பயறு, டாக்டர்?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஏம்மா, கொடுத்திட்டியா?" என்று பதறிப்போய்ச் சின்னவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்கு இல்லை என்றேன்.

பெட்டியைத் திறந்து உங்கள் முதல் கடிதத்தை எடுத்தேன். அதிலேயே இருக்கிறது. கஞ்சித் தண்ணீரே போதும், வேறொன்றும் வேண்டாம் என்று டிரெஸ்ஸர் உங்களிடம் சொன்னாராம். நீங்கள் மதினியிடம் சொன்னீர்களாம். அன்றைக்கு ஆத்திரத்தில் படித்துத் தாண்டிப் போய்விட்டேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை, அத்தான். மதினி, கஞ்சித் தண்ணீர் குடித்தால் பிள்ளை எப்படித் தேறும் என்று மனதுக்குள்ளேயே தள்ளியிருப்பாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. நீங்களும் வேண்டுமென்று செய்யவில்லை. அக்காவிடம் சொன்னால் வீட்டுக்குச் சொன்ன மாதிரி என்பதுதான் நம் வீட்டு வழக்கம். அப்போதும் நான் நான்கடி தூரத்தில் அடுப்படி வாசலில்தான் நின்றிருப்பேன். திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கனி பாயிடம் நீங்கள் தின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர்மலையான் பிள்ளையை எடுக்கவும் இல்லை. அவனைத் திட்டி எழுதியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. உங்கள் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு நன்றாகத் தூங்குங்கள். மதினியிடமும் சொல்லுங்கள், சட்டியைக் கொட்டியது சரிதான், ஒரு மணி நேரம் முன்னால் வந்து கொட்டியிருக்கவேண்டும்.

செய்யாத குற்றத்துக்கு என்னைத் தள்ளிவைத்தீர்கள், செய்யவில்லை என்று தெரிந்ததும் கூப்பிடுகிறீர்கள். செய்தது இன்னதென்று தெரிந்தபிறகு எந்த முகத்தோடு வருவேன்? நீங்கள் மன்னிப்பீர்கள், அது எனக்குத் தெரியும். மதினியும் கட்டிக்கொண்டு அழுவாள். ஆனால் அந்த அடுப்படியில் நின்று இன்னொரு தரம் பட்டை கிராம்பு அரைக்க என்னால் முடியாது. உங்கள் இலையில் எதை வைத்தாலும் எண்ணிக்கொண்டே இருப்பேன். பதினோரு துண்டு. பத்தாவதோடு போதும் என்றாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு, அம்மாவுக்காக" என்று நான்தான் வாயைத் திறக்கவைத்தேன்.

நோர்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம். பாவம், அவள் நல்லது நினைத்துக் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்தால் அப்புறம் அந்தப் பொட்டலத்தை மனதாரக் கட்டமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். வந்தால் நான் மனம் இளகி உங்களோடு வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நாங்கள் சனிக்கிழமையே கப்பல் ஆட்கள் தங்குகிற இடத்துக்குப் போய்விடுகிறோம். பச்சைப் பாவாடை உங்களிடமே இருக்கட்டும்.

டாக்டர் இன்று காலை மறுபடி வந்தார். சின்னவனுக்குக் குழையக் குழைய வடித்த சோற்றில் பால் விட்டு இரண்டு வாய் கொடுக்கலாம் என்றார். அண்ணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "நீ ஊட்டிவிடு, நவமணி" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தான். கை வரவில்லை. கிண்ணத்தை அண்ணியிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நவமணி